ஒரு மணி நேரத்துப் படம்

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் அந்தக் கடை ஒரு குடும்பத்துக் கடை. வீட்டின் முன்பகுதி கடை, பின்பகுதியில் குடித்தனம். மெஷின்களைப் பிரித்துப் போட்டுச் சரி செய்கிறவர் வீட்டு மருமகன். ஊரெல்லாம் அவரை மெக்கானிக் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். எந்த வீட்டுக்கு எப்போது போவது, எந்த உதிரிபாகத்தை எங்கே வாங்குவது என்று கடையை நடத்துவதெல்லாம் அந்தப் பெண்டாட்டி, வீட்டின் மூத்த மகள். அவளுடைய தங்கை மாடி அறையில் உட்கார்ந்து வேறொரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். வீடு அப்பாவுடையது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே தூங்கிப்போகும் நிலைக்கு அக்காள் வந்தபோதுதான் தங்கை கடைக்கு ஒரு ஏஐ ஏஜென்ட்டை அமர்த்திக் கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் மெஷினுக்கு என்ன கோளாறு என்று செய்தி அனுப்பினால் அது பதில் சொல்லும், இரண்டு மூன்று கேள்விகள் கேட்கும், கோளாறு இருக்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லும். பிறகு உதிரிபாகக் கிடங்கில் இருக்கும் இன்னொரு ஏஜென்ட்டிடம் பேசி, என்ன பாகம் வேண்டும், கையிருப்பில் இருக்கிறதா என்று விசாரித்து வைக்கும். மெக்கானிக் வேனில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. கிடங்கு ஏஜென்ட்டுக்குப் படத்தை நேரடியாகக் கொடுக்க முடியாது. அது எழுத்தை வாங்கிக்கொள்ளும், லிங்க் கொடுத்தால் போய்ப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆக, படத்தை எங்காவது ஏற்றி லிங்க் வாங்க வேண்டும். படம் ஏற்ற ஊருக்குப் பத்து இணையதளங்கள் இருந்தன. எல்லாமே முதலில் கணக்குத் தொடங்கு என்றன. ஒன்று மட்டும் அதெல்லாம் வேண்டாம், ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும் என்றது. கடை ஏஜென்ட் அந்த இடத்திலேயே நேர்மையாக நின்றுவிட்டது. மேற்கொண்டு செல்ல இயலவில்லை, மன்னிக்கவும் என்று அக்காளுக்குச் செய்தி அனுப்பியது. அக்காள் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

தங்கை சிரித்துவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில், ஏஜென்ட்டுகளுக்காகவே ஒரு சின்னக் கருவி எழுதி முடித்தாள். கணக்கு வேண்டாம், கேள்வி இல்லை. ஏஜென்ட் படத்தைக் கொடுத்தால் லிங்க் திரும்பி வரும். சரியாக அறுபது நிமிஷம் அந்தப் படம் இருக்கும். அதன் பிறகு இருந்த இடம் தெரியாமல் அழிந்துவிடும். அக்காள் அதற்கு ‘ஒருமணி’ என்று பெயர் வைத்தாள்.

மெக்கானிக்குக்குக் கருவி பிடித்திருந்தது, அழிவதுதான் பிடிக்கவில்லை. படத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத ஒன்றுக்கா மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய் என்று மச்சினியை ஓட்டினார். அவளோ அந்த மூன்று வாரத்தில் இரண்டை அழிப்பதற்கென்றே செலவழித்திருந்தாள். அதற்கு முன்பு வாடிக்கையாளர் படங்களெல்லாம் அக்காளின் போனில் குவிந்து கிடந்தன. ஒருநாள் அவற்றைத் தள்ளிப் பார்த்தபோது தங்கைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மெஷினைத்தான் எல்லோரும் படம் பிடித்திருந்தார்கள். ஆனால் மெஷினைச் சுற்றி வீடு இருந்ததே. யாரோ ஒருவரின் மருந்துப் பாட்டில்கள், காயப்போட்ட உள்ளாடைகள், குழந்தை கிறுக்கிய சுவர். ஒரு படத்தில் மெஷினின் கண்ணாடிக் கதவில் துண்டு மட்டும் கட்டிய கணவர் ஒருவர் தெளிவாகத் தெரிந்தார். அடுத்தவர் வீடு நம்மிடம் தங்கக் கூடாது என்று அவள் அன்றைக்கே முடிவு செய்தாள். அதனால் ஒருமணியில் பிரதி கிடையாது, மறுபிரதி கிடையாது, யார் அனுப்பினார்கள் என்ற பதிவும் கிடையாது. பக்கத்துத் தெருக் கண்ணாடிக் கடை, செருப்புத் தைக்கும் கடை, சைக்கிள் கடை என்று ஏஜென்ட் வைத்திருந்தவர்களெல்லாம் கேட்டு வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியபோது அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் ஒரு ஆமை இருந்தது. அதன் பெயர் அவசரம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், காலை நேரத்து நெரிசலில், நடுச்சாலையில் உள்ளங்கை அகல ஆமை ஒன்று கடந்துபோய்க்கொண்டிருந்தது. அப்பா பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னாலிருந்து ஒரு பயணி, அப்படி என்ன அவசரம் நடுரோட்டில் வண்டியை நிறுத்த என்று கத்தினார். பெயர் அப்படித்தான் வந்தது. ஏழு நிமிஷம் தாமதம் என்று அப்பாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அதை அவர் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

அவசரம் அந்த வீட்டில் செல்லமாக வளர்ந்தது. ஒருமுறை மெஷின் மூடி ஒன்று விழுந்து ஓட்டின் ஓரம் சின்னதாக உடைந்தபோது, மெக்கானிக் தான் பயன்படுத்தும் நீலப் பசையை வைத்து அந்த இடத்தைப் பூசிவிட்டார். நன்றாகத்தான் ஒட்டியது. ஆனால் நீலம் நீலமாகவே நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அதைக் காட்டி, மாப்பிள்ளை என் பிள்ளைக்குப் பல் கட்டிவிட்டார் என்பார்.

பதினோரு மாதத்துக்கு முன், தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காகச் சுற்றுச்சுவரில் ஓட்டை போட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் அவசரத்தைக் காணோம். அப்பா மூன்று தெருவுக்கு நோட்டீஸ் ஒட்டினார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஆமை ஓடிப்போய்விட்டதா என்று கேட்டார்கள். அவசரத்தைக் காணவில்லை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். ஆனால் தினமும் காலையில் வெள்ளரித் துண்டு நறுக்கும் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. நறுக்கிய பிறகு நினைவு வரும். தானே தின்றுவிடுவார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மெக்கானிக் ஊரின் மறுகோடியில் ஒரு மெஷினை முடித்துவிட்டு, வேனில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சாப்பிட்டுக்கொண்டே, கடைசி ஒரு மணி நேரத்தில் ஏஜென்ட் அனுப்பியிருந்த லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றில் அடியில் தண்ணீர் கசியும் மெஷின் இருந்தது. தரையெல்லாம் ஈரம். படத்தின் இடது மூலையில், தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில், ஒரு ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஓட்டின் ஓரத்தில் நீலம்.

டப்பாவை மூடாமலேயே வண்டியைக் கிளப்பினார். போனில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். காரணம், மெக்கானிக் அள்ளிவிடுவதில் பேர் வாங்கியவர். மெஷினுக்குள் பாம்பு இருந்தது, மெஷினுக்குள் வைர மோதிரம் இருந்தது, மெஷினுக்குள் ஒரு ஆளே ஒளிந்திருந்தான் என்று வாரத்துக்கு ஒன்று சொல்வார். அதனால் மாமனாருக்கு நேரிலேயே காட்டிவிட வேண்டும் என்று இருபத்தைந்து நிமிஷ தூரத்தைப் பதினெட்டு நிமிஷத்தில் கடந்தார். வழியில் படத்தை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பரவசத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

எல்லோரையும் கூடத்துக்கு வரவழைத்தார். மாடியிலிருந்து மச்சினியையும் கூப்பிட்டார். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்து, தானே லிங்க்கைத் தட்டினார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. இந்தப் படத்தின் நேரம் முடிந்துவிட்டது.

“என்னங்க மாப்ள?” என்றார் அப்பா.

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். ஈரத் தரை, மூலை, நீண்ட கழுத்து, நீலப் பசை. எவ்வளவு விவரமாகச் சொன்னாரோ அவ்வளவுக்குப் பொய்யாகப் பட்டது. அக்காள் அவரையே பார்த்தாள். பாம்பு மோதிரமெல்லாம் சரி, இந்த விஷயத்தில் விளையாடாதே என்று கண்ணாலேயே சொன்னாள். அப்பா போனைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார்.

மெக்கானிக் மச்சினியிடம் திரும்பினார். “ஒரு நாளாவது வெச்சிருக்கக் கூடாதா? அப்படி என்ன அழிச்சே ஆகணும்னு?”

அவள் மாடிக்கு ஓடினாள். தான் எழுதிய கருவிதான், எங்காவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தேடினாள். துளிகூட இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தாள். தன் வேலையின் நேர்த்தியை நினைத்து அவள் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. கீழே இறங்கி வந்து, இல்லை மாமா என்றாள்.

அக்காள்தான் யோசித்தாள். படம் போனால் என்ன, ஏஜென்ட் ஒவ்வொரு புகாருக்கும் இரண்டு மூன்று வரி குறிப்பு எழுதி வைக்குமே. கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காலையிலிருந்து வந்த புகார்களைத் திறந்தாள். பதினாலு இருந்தன. கசிவு என்று மட்டும் ஐந்து. நான்காவதில் அவள் விரல் நின்றது. சத்தமாக வாசித்தாள்.

“மெஷினின் அடியில் தண்ணீர் தேங்கியுள்ளது. வெளியேற்றும் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கலாம். படத்தின் இடது மூலையில் ஒரு ஆமை உள்ளது. ஓட்டின் விளிம்பில் நீல நிறப் பூச்சு. பழுதுக்குத் தொடர்பில்லை.”

அப்பா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“திரும்பப் படிம்மா,” என்றார் அப்பா.

அவள் மறுபடி வாசித்தாள். ‘தொடர்பில்லை’ என்ற இடத்துக்கு வந்தபோது மெக்கானிக் சிரிக்கத் தொடங்கி, அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டு, அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர்தான் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். அக்காள் புருஷனின் தோளைத் தட்டி, இனிமேல் பாம்பு வந்தாலும் நம்புகிறேன் என்றாள்.

அடுத்த சிக்கல், அந்த வாடிக்கையாளர் வீட்டுக்கு வரச் சொல்லவே இல்லை. கிடங்கு ஏஜென்ட் படத்தைப் பார்த்துவிட்டு, கிளிப்பை இறுக்கினால் போதும் என்று சொல்லியிருந்தது. கடை ஏஜென்ட் அதை அப்படியே தெரிவிக்க, நன்றி, நானே இறுக்கிக்கொள்கிறேன் என்று பதில் வந்திருந்தது. அதனால் முகவரி இல்லை. போன் நம்பர் மட்டும் இருந்தது. உடனே கூப்பிடு என்றார் மெக்கானிக். தங்கை தடுத்தாள். மெஷினைக் காட்ட அனுப்பிய படத்தில் உங்கள் வீட்டு மூலையை உற்றுப் பார்த்தோம் என்று முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுச் சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அவர்கள் எந்தப் பேச்சில் படம் அனுப்பினார்களோ அதே பேச்சில் கேட்போம், பதில் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் இஷ்டம் என்றாள். அப்பாவும் அதுதான் மரியாதை என்றார்.

மெக்கானிக் ஒரு வாசகம் சொன்னார். உங்கள் வீட்டில் இருக்கும் ஆமை எங்களுடையது என்று அது தொடங்கியது. போலீஸ் வருவது போல் இருக்கிறதென்று அக்காள் அதைத் தள்ளிவிட்டாள். கடைசியில் தங்கை எழுதினாள். படத்தை உதிரிபாகத்துக்காகப் பார்த்தபோது ஆமை கண்ணில் பட்டது. எங்கள் அப்பாவின் ஆமை பதினோரு மாதமாகக் காணவில்லை. அதன் ஓட்டிலும் நீலப் பூச்சு உண்டு. விருப்பமிருந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள். ஏஜென்ட் அதை அனுப்பியது.

இருபது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. ஆமையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ‘நான் அனுப்பிய படத்தை யார் யாரெல்லாம் பார்த்தீர்கள்? அது இன்னும் உங்களிடம் இருக்கிறதா?’

அக்காளுக்கு முகம் வாடிவிட்டது. எதையாவது சமாளித்து எழுது என்று மெக்கானிக் சைகை காட்டினார். தங்கை உள்ளதை உள்ளபடி எழுதினாள். படத்தைப் பார்த்தது இரண்டு ஏஜென்ட்டுகளும் ஒரு மெக்கானிக்கும்தான். படம் இப்போது எங்கேயும் இல்லை, ஒரு மணி நேரத்தில் அழிந்துவிட்டது. அழியாமல் இருந்திருந்தால் எங்கள் அப்பா இப்போது பார்த்திருப்பார், அவரும் பார்க்கவில்லை. ஏஜென்ட் எழுதிய சின்னக் குறிப்பு மட்டும் இருக்கிறது, அதை அப்படியே கீழே தருகிறேன் என்று அதையும் சேர்த்து அனுப்பினாள்.

பிறகு காத்திருந்தார்கள். அப்பா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி போய்க் குடித்துவிட்டு வந்தார். மெக்கானிக் மதியம் பாதியில் விட்ட சாப்பாடு நினைவு வந்து டப்பாவை எடுத்து வந்து, கை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பதில் நீளமாக வந்தது. அனுப்பியவள் ஒரு தையல்காரி. நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கிறவள். வெள்ளிக்கிழமை அரங்கேறப்போகும் நாடகத்தின் உடைகள் மெஷினுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு முன்னால் அவை வெளியே தெரிந்தால் குழுவுக்குப் பதில் சொல்ல முடியாது. படம் அனுப்பிய பிறகுதான் அது உறைத்ததாம். அழிந்துவிட்டது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது என்று எழுதியிருந்தாள். பிறகு, ‘பழுதுக்குத் தொடர்பில்லை’ என்பதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன் என்றும் எழுதியிருந்தாள். அதற்கும் கீழே ஒரு புதுப் படம் இருந்தது. உடைகளை அகற்றிவிட்டு எடுத்தது.

ஏஜென்ட் வழக்கம்போல் அதை ஒருமணியில் ஏற்றி லிங்க் கொடுத்தது. அப்பா கையால் அதைத் தட்டினார். நடுவில் அவசரம், நீலப் பசையோடு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. அதன் முன்னால், வால்நட் கொட்டை அளவில், மூன்று குட்டிகள்.

“இது யாரு?” என்றார் அப்பா.

பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் அவசரம் ‘அவன்’. அதற்குள் கடைக் கம்ப்யூட்டரில் செய்தி மணி அடித்தது. கடை ஏஜென்ட் பழக்க தோஷத்தில் புதுப் படத்தையும் கிடங்குக்கு அனுப்பியிருந்தது. கிடங்கு ஏஜென்ட்டின் பதில்: ‘இந்தப் பாகம் எங்கள் பட்டியலில் இல்லை. நான்கும் ஒரே வகையா?’

தையல்காரி நாலு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தாள். அப்போது மணி மூன்று. ஆக ஒரு மணி நேரம் இருந்தது, படத்துக்கும் ஒரு மணி நேரம் இருந்தது. எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று தங்கையே கேட்டாள். அவர்களே நமக்கென்று அனுப்பியதுதானே என்றாள். அப்பா வேண்டாம் என்றார். போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு, கடைசி நிமிஷம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். ஒருமுறை திரையின் ஓரத்தைத் தன் விரலால் துடைத்தார். படம் மறைந்து அந்த ஒற்றை வரி வந்தபோது சட்டை மாற்றி, சீவி, செருப்பு மாட்டித் தயாராக இருந்தார்.

“போயிடுச்சு. வாங்க, நேர்ல பார்ப்போம்.”

தையல்காரியின் வீடு ஐந்தாவது தெருவில் இருந்தது. மூன்று தெருவுக்குத்தான் நோட்டீஸ் ஒட்டினோம் என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

“ஆமைதானே, அதுக்கு மேல எங்க போயிருக்கும்னு நெனச்சேன்,” என்று அப்பா வேனில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. கழுத்தில் அளவு நாடா, மணிக்கட்டில் குண்டூசிகள் குத்திய சின்ன மெத்தை. ஆட்களைப் பார்த்ததும் முதலில் அப்பாவைத்தான் உள்ளே கூப்பிட்டாள். ஆமையை அவள் கண்டெடுத்தது ஒரு மழை நாளில், தன் வாசற்படியில். துணிக் குவியலுக்கெல்லாம் அடியில் புகுந்து புகுந்து சோதனை போட்டதால் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். தன் தெருவில் நோட்டீஸும் ஒட்டியிருக்கிறாள். அவள் ஒரு தெரு, இவர் மூன்று தெரு. நடுவில் ஒரு தெரு யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

அவசரம் பின்கட்டு நடையில், மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், மாப்பிள்ளை கை கொடுக்க வந்தும் வாங்காமல் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து நீட்டினார். அவசரம் அவரைப் பார்த்தது, துண்டைப் பார்த்தது, மெதுவாக நடந்து வந்து துண்டைக் கவ்வியது. அவரைத் தெரிந்து வந்ததா, துண்டைத் தெரிந்து வந்ததா என்று சொல்ல முடியாது. அப்பா அந்தக் கேள்விக்கே போகவில்லை.

“எங்கடா போயிட்டே?” என்றார்.

“அவன் இல்லீங்க, பொண்ணு,” என்றாள் தையல்காரி.

கால்நடை மருத்துவரிடம் காட்டினாளாம். ஆமையின் அடிப்பக்கம் குழிவாக இருந்தால் ஆண், தட்டையாக இருந்தால் பெண் என்று அவர் திருப்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லையா என்று அக்காள் அப்பாவைக் கேட்டாள். வீட்டோடு இருக்கிற ஒருத்தரை யாராவது கவிழ்த்துப் பார்ப்பார்களா என்று அப்பா கோபித்துக்கொண்டார். பின்வீட்டுப் பல் டாக்டரும் ஒரு ஆமை வளர்க்கிறார், இரண்டு வீட்டுக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான், அதிலும் ஒரு கல் பெயர்ந்திருக்கிறது என்று தையல்காரி விளக்கினாள். பூச்செடித் தொட்டி மண்ணில் முட்டையிட்டு மூடியதை அவள் கவனிக்கவே இல்லை. போன வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் மண் தானாக அசைந்ததாம்.

அப்பா மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மூத்த மகளையும் மருமகனையும் ஏறிட்டுப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு மாதம் கழித்து இனிப்போடு வந்து நின்றவர்கள்.

“உங்களைப் பார்த்துத்தான் இவளும் கத்துக்கிட்டிருக்கா,” என்றார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பை அடக்க ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மெஷினை நகர்த்தினார். தையல்காரி கிளிப்பை இறுக்கித்தான் இருந்தாள், ஆனால் தலைகீழாக. சரியாக மாட்டி, குழாயை நேராக்கி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தரையையும் அவரே துடைத்தார்.

அந்த நேரத்தில் தையல்காரி தங்கையிடம் ஒருமணியைப் பற்றிக் கேட்டாள். எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபின், நூலைக் கோத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். “ஒரு மணி நேரம்கூட எதுக்கு? என் வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுச்சே. அப்பவே நான் அழிச்சுக்க வழி இருந்தா, காலையில இருந்து இப்படிப் பதறியிருக்க மாட்டேன்ல?”

தங்கைக்கு அது நெற்றியில் தட்டியது போல் இருந்தது. எவ்வளவு நேரம் வைப்பது என்று அவளும் மாமாவும் மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அனுப்பியவர் கையில் அதைக் கொடுக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்தாள். ஏஜென்ட் படத்தை ஏற்றும்போது இனி இரண்டு லிங்க் வரும்: ஒன்று பார்ப்பதற்கு, இன்னொன்று அனுப்பியவருக்கு, அந்த நொடியே அழிப்பதற்கு. ஒரு குட்டி அவள் கால்விரல்மேல் ஏற முயன்று முயன்று சறுக்கிக்கொண்டிருந்தது. அதைத் தொந்தரவு செய்யாமல் காலை அசைக்காமலேயே எழுதினாள். கால் மரத்துப்போனதுகூட வேலை முடிந்து எழும்போதுதான் தெரிந்தது. சோதித்துப் பார்க்கத் தையல்காரியே ஒரு பொத்தானைப் படம் பிடித்து அனுப்பி, தன் கையாலேயே அழித்தாள். படம் போனது. அவளுக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது, இன்னும் நான்கு பொத்தான்களை அனுப்பி அழித்தாள்.

ஆமையை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிளம்பும் நேரத்தில் தையல்காரிதான், கூடையில் துணி விரிக்கட்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கீழே இருந்த குட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அப்பா நடையைப் பார்த்தார். அவசரம் உடைகள் தொங்கும் கம்பிக்கு அடியில் போய்க் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

“வெள்ளிக்கிழமை உங்களுக்கு நாடகம் இருக்குல்ல. அது முடியட்டும்மா. பதினோரு மாசம் பொறுத்தவனுக்கு நாலு நாள் பெருசில்ல. நான் மட்டும் காலையில வந்து போறேன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை வரை தினமும் காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். சும்மா உட்காரப் பிடிக்காமல் பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக் கொடுத்தார். பல் டாக்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்ததும், சம்பந்தி என்று கூப்பிட்டார். முதலில் விழித்த அவரும் இரண்டாம் நாளிலிருந்து அப்படியே கூப்பிடத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை குடும்பமே நாடகத்துக்குப் போனது. கதை யாருக்கும் அவ்வளவாக நினைவில்லை. உடைகள் பிரமாதமாக இருந்தன என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

சனிக்கிழமை முற்பகல் தையல்காரி கூடையோடு கடை வாசலில் வந்து இறங்கினாள். கூடையில் அவசரமும் ஒரு குட்டியும் இருந்தன. இரண்டு குட்டிகள் தன்னிடம் இருக்கட்டும், பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றாள். அப்பா கூடையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். உள்ளேயிருந்து அவர் யாரிடமோ விடாமல் பேசும் சத்தம் கேட்டது. அக்காள் வந்தவளைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்தாள்.

தையல்காரியின் கண் மெக்கானிக்கின் வேலைச் சட்டைமேல் விழுந்தது. தோளிலிருந்து அக்குள் வரை கிழிந்து, அங்கங்கே டேப் ஒட்டியிருந்தது. அவள் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். கழற்ற வேண்டாம், அசையாமல் நின்றால் போதும் என்றாள். மெக்கானிக் வாயைத் திறந்தார்.

“பேசினா குத்திடும்,” என்றாள் அவள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பத்து நிமிஷம் கையை அகல விரித்துச் சிலையாக நின்றார். அக்காள் வாசலில் சாய்ந்துகொண்டு அந்தக் காட்சியை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு தையல்காரியிடம், வாரா வாரம் சனிக்கிழமை வர முடியுமா, வீட்டில் தைக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று கேட்டாள்.